புகைப்பதை விட்டபின் வரும் அசதி: மலாக்கா தோட்டங்களிலும் நகரங்களிலும்

புகைப்பழக்கத்தை நிறுத்தியவருக்கு முதல் சில வாரங்களில் அசதி, தூக்கக் கலக்கம், எரிச்சல், கவனச் சிதறல், மிகுபசி, மலச்சிக்கல், இருமல் ஆகியவை வரும். மருத்துவம் இவற்றை நிக்கோட்டின் விலகல் குறிகள் என்கிறது. கடைசிச் சிகரெட்டுக்குப் பின் ஒரு நாளுக்குள் இவை தொடங்கிவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் அடங்கும். எரிச்சல் வரும் என்று தெரிந்தே விடுபவர்கள்கூட அசதியை எதிர்பார்ப்பதில்லை. உடலுழைப்பை நம்பி வாழ்ந்த மலாக்கா மாநிலத் தமிழரிடையே இந்த அசதிக்குத் தனிக் கவனம் தேவை. கை ஓயாமல் வேலை செய்து பழகியவர் கை சோர்ந்து உட்காரும்போது, “சிகரெட் இல்லாவிட்டால் உடம்பு ஓடாது” என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்.

தோட்டத்துப் பழக்கம்

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் பயிரானது மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருக, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியேறினார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போக வேண்டும். அந்த நேரத்துக் கோப்பியோடு பீடியோ சுருட்டோ சேர்ந்துகொண்டது. பெண்களிடம் வெற்றிலையோடு புகையிலைக்கும் இடமிருந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பெரண்டம், ஆயர் குரோ, செங் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். விடியற்காலைப் பெரட்டின் இடத்தை இரவு ஷிப்ட் பிடித்தபோது, பீடியின் இடத்தைச் சிகரெட்டும், இப்போது மின்சிகரெட்டும் பிடித்துள்ளன.

தெம்பு என்று தோன்றுவது

நிக்கோட்டின் உடலில் புகுந்து ஏறக்குறைய 2 மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். இரவு முழுதும் தூங்கி எழுபவரின் இரத்தத்தில் அது மிகக் குறைந்திருக்கும். விடியலில் அவர் உணரும் மந்தம், பெருமளவில் அந்தக் குறைவால் வருவது. முதல் சிகரெட் அதை நீக்கும்போது தெம்பு வந்ததாகத் தோன்றுகிறது. புகைக்காதவர் ஒன்றுமே இல்லாமல் எழும் நிலைக்குத்தான் புகைப்பவர் ஒரு சிகரெட் செலவழித்து வந்து சேர்கிறார். பழக்கத்தின் வலுவை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ரோம் வினாப்பட்டியல், எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் பற்றவைக்கிறீர்கள் என்று கேட்பது இதனால்தான். 5 நிமிடத்துக்குள் என்றால் அந்தக் கேள்விக்கு உச்ச மதிப்பெண்.

விட்ட பிறகு, பல ஆண்டுகளாக நிக்கோட்டினுக்குப் பழகிய மூளை அது இல்லாமல் இயங்கக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அசதி அந்த இடைக்காலத்துக்குரியது. அதே சமயம் இரத்தம் தேறத் தொடங்கிவிடுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறி, இரத்தம் சுமக்கும் பிராணவாயு கூடுகிறது. கிளினிக்கில் கார்பன் மோனாக்சைடை அளக்க மூச்சை 15 வினாடி அடக்கி ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள். வழக்கமாகப் புகைப்பவருக்குப் பத்துக்கு மேல் காட்டும் எண், விட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கியிருக்கும். மிகவும் சோர்ந்து கிடக்கும் அதே நாளில் இந்த எண்ணைப் பார்ப்பது பலருக்கும் பிடிமானமாகும்.

தே தாரிக், கோப்பி ஓ

நம் ஆட்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. சிகரெட் புகையிலுள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, தேநீர் கோப்பியிலுள்ள கஃபீனை விரைவாக அழிக்கச் செய்கின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டுதல் நிற்கும். முன்பு குடித்த அதே அளவு கோப்பி, இரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்புக் கஃபீனைத் தேக்கும். படபடப்பு, கைநடுக்கம், இரவில் விழிப்பு, மறுநாள் அசதி. அசதியைப் போக்க இன்னொரு கோப்பி ஓ. விலகல் குறி என்று நினைத்துப் பலர் படும் பாட்டில் ஒரு பகுதி இந்தச் சுற்றுதான். முதல் வாரத்திலேயே தே, கோப்பியைப் பாதியாகக் குறைத்து, மதியத்துக்குப் பின் நிறுத்துவது நல்ல பலன் தரும். இரவு ஷிப்ட்காரர் வேலை முடிவதற்குச் சில மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புகையை விட்டவருக்குப் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். முதல் ஆண்டில் 4, 5 கிலோ ஏறுவது சாதாரணம். மலேசிய இனங்களில் நீரிழிவு அதிகம் உள்ளவர்கள் இந்தியர்கள் என்பதால் ‘கோசோங்’ என்று சொல்லிச் சர்க்கரை இல்லாமல் வாங்கிப் பழகுவது நல்லது. இன்சுலின் போடுபவரும் வார்ஃபரின், தியோஃபிலின், க்ளோசபின் போன்ற மருந்து எடுப்பவரும், புகையை விடுவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மாலை கழற்றும் நாள்

சபரிமலைக்கு மாலை போட்டு 41, 48 நாள் சிகரெட்டைத் தொடாதவர்கள் மலாக்காவிலும் உண்டு. தைப்பூசத்துக்கும், செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்கும் விரதம் இருப்பவர்களும் அப்படியே. மாலை கழற்றிய அன்று அவர்களில் பலர் மீண்டும் பற்றவைக்கிறார்கள். வருந்தத்தக்க இழப்பு இது. அந்த நாளுக்குள் உடல் விலகலின் கடுமையான பகுதியை முழுதும் கடந்துவிட்டது. அன்று அவர்களை இழுப்பது பெரும்பாலும் கூட்டாளிகளும், சாப்பாட்டுக்குப் பிந்திய ஓய்வும், குடியும்தான். விரதத்தில் இறங்கும் நாளையே புகையை விடும் நாளாக வைத்துக்கொள்வதும், மாலை கழற்றும் வாரத்துக்கு முன்னேற்பாடு செய்வதும் நம் வழக்கத்திலேயே கிடைக்கும் வழி. கோயில் நிர்வாகங்களும் குருசாமிகளும் இதை எடுத்துச் சொல்லலாம்.

சிகரெட் ஏக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணியும். தண்ணீர் குடிப்பது, 10 நிமிடம் நடப்பது, ஆழ்ந்து மூச்சு விடுவது அந்த நிமிடங்களைக் கடக்க உதவும். சட்டமும் துணை நிற்கிறது. மாநில அரசு 2011இல் மலாக்காவின் பாரம்பரிய நகரப் பகுதி உள்ளிட்ட வட்டாரங்களைப் புகையற்றவையாக அறிவித்தது. 2019 ஜனவரி 1 முதல் நாடு முழுதும் உணவகங்களில் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்த, புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852ஆம் சட்டம் மின்சிகரெட்டையும் உள்ளடக்கியது.

மருந்தும் கிளினிக்கும்

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தான்களில் (சுகாதார நிலையங்களில்) புகை நிறுத்த ஆலோசனை கிடைக்கும். வெளிநோயாளர் கட்டணம் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்த மருந்துகள் நிக்கோட்டின் மாற்று மருந்து, வாரெனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின். நிக்கோட்டின் மெல்லுப்பசையை வெற்றிலைபோல் விடாமல் மென்று சாற்றை விழுங்கினால் விக்கலும் குமட்டலும் வரும். சிலமுறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். கோப்பி குடித்த உடனே போட்டால் சரியாக ஏறாது. வியர்க்க உழைப்பவர் ஒட்டுப்பட்டையைக் குளித்துத் துடைத்தபின் ரோமமில்லாத இடத்தில் ஒட்ட வேண்டும். தூக்கம் கெட்டால் மருத்துவரைக் கேட்டு இரவில் எடுத்துவிடலாம். புகைக்கு மாற்றாக வெற்றிலைப் புகையிலைக்குப் போகவே கூடாது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களை, குறிப்பாகப் பெண்களை.

நான்கு வாரம் தாண்டியும் அசதி தொடர்ந்தால் அதை விலகல் என்று விட்டுவிடக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, மனச்சோர்வு இவற்றில் ஏதேனும் காரணமாகலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நாள் எண்ணாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.