கண்ணாடிக் கூண்டில் வழிந்த வேர்வை

நேர்மையாக நடக்கும் வினாடி வினா பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். கேள்வி எழுதித் தருகிறவர்கள் இதை வெளியில் சொல்ல மாட்டார்கள். பள்ளிகளுக்கும் திருவிழாக் கமிட்டிகளுக்கும் கேள்வி எழுதுகிற எனக்கு இது பழகிப்போன காட்சி. இரண்டு அணியும் ‘பாஸ்’, ‘பாஸ்’ என்று தள்ளிவிட்டுக்கொண்டே போகும்; கூட்டம் சுண்டல் வாங்க எழுந்துவிடும்.

1956 செப்டம்பரில் நியூயார்க்கில் டான் என்ரைட் என்ற தயாரிப்பாளருக்கும் இதுதான் நேர்ந்தது. என்பிசியில் அவருடைய ‘ட்வென்டி ஒன்’ முதல் ஒளிபரப்பு ஒளிவுமறைவில்லாமல் நடந்தது. போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி முழித்தார்கள். பணம் போட்டவர்கள் ‘ஜெரிடால்’ என்ற இரும்புச்சத்து டானிக் விற்பவர்கள்; இனி இப்படி நடக்கவே கூடாது என்று கொதித்துவிட்டார்கள்.

அவர்கள் கொதித்ததற்குக் காரணம் உண்டு. 1955 ஜூனில் சிபிஎஸ்ஸில் ‘64,000 டாலர் கேள்வி’ தொடங்கியது. ரெவ்லான் உதட்டுச்சாயக் கம்பெனிதான் புரவலர். பரிசு 64 டாலரில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போகும். மேல்படிகளில் வாரத்துக்கு ஒரே கேள்வி. கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்புவதா, ஆடுவதா என்று போட்டியாளர் ஒரு வாரம் யோசிப்பார். அவரோடு சேர்ந்து நாடே யோசிக்கும். ரெவ்லான் சரக்கு பறந்தது. அங்கேயும் எல்லாம் சுத்தமில்லை. யாருக்கு எது தெரியும் என்று முன்கூட்டியே விசாரித்து, பிடித்தவருக்கு வாகாகவும் பிடிக்காதவருக்குச் சிக்கலாகவும் கேள்வி போட்டார்கள். உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸைக் கவிழ்க்கக் குத்துச்சண்டை நடுவர்களைப் பற்றியெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாள் அதையும் படித்து வைத்திருந்தார். 64,000 டாலரையும் வாங்கிக்கொண்டு போனார்.

‘ட்வென்டி ஒன்’ ஆட்டத்தில் இருவர் மோதுவார்கள், ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டில். காதில் ஹெட்போன், எதிராளி என்ன சொன்னார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று தெரியாது. ஒன்று முதல் பதினொன்று வரை எத்தனை புள்ளிக் கேள்வி வேண்டும் என்று அவரவரே கேட்டு வாங்க வேண்டும். புள்ளி கூடக் கூடக் கேள்வி கடினமாகும். முதலில் 21 எடுப்பவர் ஜெயிப்பார். வித்தியாசப் புள்ளி ஒன்றுக்கு 500 டாலர். சமநிலையில் முடிந்தால் அடுத்த ஆட்டத்தில் புள்ளிக்கு ஆயிரம், அப்புறம் ஆயிரத்தைந்நூறு. நல்ல விதிகள்தான். ஆனால் இருவருக்கும் பதில் தெரிந்தால்தான் சூடுபிடிக்கும். என்ரைட் பதிலைக் கொடுத்துவிட்டார்.

அப்படிப் பதில் வாங்கி ஆடிய நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்காரர் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர். ஏழை மாணவன் வேடம் பொருந்த வேண்டுமென்று அவருக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். தொளதொள கோட்டு மாட்டினார்கள். எந்தக் கேள்விக்கு எத்தனை நொடி தயங்குவது, எப்போது திக்குவது என்று ஒத்திகை நடந்தது. நெற்றியைத் துடைக்காதே, கைக்குட்டையால் ஒற்று என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்கள். வேர்க்க வேண்டுமே! கூண்டுக்குள் குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். (என்னிடமும் ஒரு விழாக்காரர், நன்கொடையாளர் வீட்டுப் பையன் இரண்டு கேள்வியை முன்னாடியே பார்த்துக்கட்டுமே என்று கேட்டதுண்டு. அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு அழைப்பு வரவில்லை.)

ஸ்டெம்பெல் பார்வையாளர்களுக்குச் சலித்துப்போன பிறகு கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் வந்தார். இலக்கியக் குடும்பம், களையான முகம். சில ஆட்டங்களைச் சமநிலையில் இழுத்து, 1956 டிசம்பர் 5 அன்று ஸ்டெம்பெலைத் தோற்கச் சொன்னார்கள். 1955-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்பது கேள்வி. விடை ‘மார்ட்டி’. அவர் பார்த்து ரசித்த படம். தெரிந்த விடையை விழுங்கிவிட்டு ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ என்றார். கேள்விக்காரனான எனக்கு இந்த வழக்கில் மன்னிக்க முடியாதது இந்த ஓர் இடம்தான். வான் டோரன் 1,29,000 டாலர் வென்றார். ‘டைம்’ இதழ் அட்டையிலும் வந்தார்.

1958-இல் ‘டாட்டோ’ என்ற இன்னொரு நிகழ்ச்சியில் போட்டியாளரின் நோட்டில் விடைகள் எழுதியிருந்தது அம்பலமானதும் மூட்டை அவிழ்ந்தது. ‘ட்வென்டி ஒன்’ ஆட்டத்தில் ஆடிய ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற ஓவியர் செய்த காரியம் அருமையானது. தனக்குத் தந்த கேள்வி பதில்களை ஒளிபரப்புக்கு முன்பே உறையிலிட்டுத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தார். முத்திரைத் தேதியை மறுக்க யாரால் முடியும்? 1959 நவம்பர் 2 அன்று வான் டோரன் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 1960-இல்தான் இப்படி ஏமாற்றுவது குற்றம் என்று சட்டமே வந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் அமெரிக்க நெட்வொர்க்குகள் பெரும்பரிசு என்றாலே ஒதுங்கின. நேர்மையான ஆட்டம் சப்பென்று போகும் சிக்கலை விதியாலேயே தீர்த்தது 1998 செப்டம்பரில் பிரிட்டனில் வந்த ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’. எதிராளி கிடையாது. கேள்வியும் நான்கு விடைகளும் கண்முன்னே. பார்த்த பிறகும் பணத்தோடு எழுந்து போகலாம். அன்றைய விதிப்படி, ஐந்து லட்சம் பவுண்டு கையிலிருக்க, ஒரு தப்பு விடை 32,000-க்கு இறக்கிவிட்டது. அங்கே ஏசியை நிறுத்த வேண்டிய அவசியமில்லை. வேர்வை தானாக வரும். அமிதாப் பச்சன் 2000-இல் இந்தியிலும், சூர்யா 2012-இல் விஜய் டிவியிலும் நடத்தியது இதே ஆட்டம்.

தண்டனைக் கணக்கைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1962-இல் வான் டோரனும் வேறு சில போட்டியாளர்களும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். புலனாய்வு ஜூரியிடம் பொய் சொன்ன குற்றம், அவ்வளவுதான். விடை கொடுத்ததற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கூண்டுக்கு வெளியே நின்று கேள்வி கேட்ட ஜாக் பாரி 1972-இல் சிபிஎஸ்ஸுக்குப் புதுப் போட்டியோடு திரும்பி வந்தார். பிறகு என்ரைட்டும் அவரோடு சேர்ந்துகொண்டார். வான் டோரன் கொலம்பியா வேலைக்குத் திரும்பவே இல்லை.