சம்பளம் அரசுடையது, பாடசாலை யாருடையது?

அமெரிக்காவில் 'சார்ட்டர்' பாடசாலைகள் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. 1991இல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. காசு அரசாங்கத்தின்ட, நிர்வாகம் வேற ஆக்கள்ட. புதுசா ஒண்டைக் கண்டுபிடிச்ச மாதிரித்தான் அங்க பேசுறாங்க. எங்கட வாவிக்கரைக்கு இது பழைய கதை.

1814இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் அடுத்த வருசமே இறந்துபோனார், ஆனால் அதற்குள் பள்ளிகளைத் தொடங்கிவிட்டார். பிறகு கத்தோலிக்கர்களின் பள்ளிகளும் வந்தன. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானபின் நன்கொடை முறை வேரூன்றியது: பாடசாலையை மிஷன் நடத்தும், அரசு காசு கொடுக்கும். ஏற்கெனவே உதவி பெறும் பள்ளிக்குக் கிட்ட இன்னொன்று தொடங்கினால் நன்கொடை மறுக்கும் தூர விதியும் இருந்தது. முதலில் வந்தவருக்கே இடம் என்ற மாதிரியான விதி. சைவப் பிள்ளைகள் வேதாகமம் படிச்சு வளர்ந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

புனித மிக்கேல் கல்லூரியில் படித்த சுவாமி விபுலாநந்தர் இதற்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்கவில்லை. அதே முறைக்குள் நின்றே இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். கல்லடிப் பாலம் வந்தது 1924இல். அதற்கு அங்கால, உப்போடையில், 1929இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி. 1960 டிசம்பரில் சிறிமாவோ அரசு உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் முகாமையைக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுத்தது. பெரிய பாடசாலைகள் விரும்பினால் தனித்து நிற்கலாம், ஆனால் அரசு உதவியும் இல்லை, கட்டணம் வாங்கவும் ஏலாது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் போய் இருந்து மறித்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து பேசித்தான் அது தணிந்தது. 1961இல் சொத்துகளும் அரசுடைமையாயின.

சுவீகரிப்பு சரியானதுதான் எண்டு நினைக்கிறன். பொதுக்காசில் சம்பளம் வாங்கும் ஆசிரியரை மதம் பார்த்து நியமிக்கும் அதிகாரம் யாரிடமும் இருக்கக் கூடாது. ஆனால் ஒன்று போனது. முகாமையாளர் அதே வளவில் இருந்தார், கூரை ஒழுகினால் அவருக்கும் தெரியும். அந்தப் பொறுப்பு தூரத்து அலுவலகத்துக்குப் போனது.

தனியார் காசு போனதா? இல்லை, வேற வாசலால வந்துட்டு. தேசிய பாடசாலைக்கு மத்திய அமைச்சு, மாகாண பாடசாலைக்கு மாகாண சபை. அதுக்கு மேல பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர். நகரத்துக்கு இதெல்லாம் கிடைக்கும். படுவான்கரையில் தாய் தகப்பன் வயலுக்கும் கூலிக்கும் போற ஊரில் சங்கம் என்னத்தைச் சேர்க்கும்?

மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. அதற்கு முதல் எழுவான்கரையிலிருந்து அந்த வழியால் போன ஆசிரியர்களுக்கு 'பாதை'தான், வாவியைக் கடக்கும் அந்த மிதவை. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில் போய்ப் படிப்பித்த ஆசிரியர்களின் சம்பளமும் நகரத்து ஆசிரியரின் சம்பளமும் ஒரே சுற்றறிக்கைப்படிதான். இடமாற்றம் கேட்டு எந்தப் பக்கம் விண்ணப்பம் போயிருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.