ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் கைப்பேசி தெரியவில்லையா? தேட வேண்டிய இடங்கள் இவை

செயலி உருவாக்கக் கற்கும் மாணவர்களில் பலர் முதலில் திணறுவது, எழுதிய நிரலைச் சொந்தக் கைப்பேசியில் ஓட்டிப் பார்க்க முனையும்போதுதான். கம்பியைச் செருகியதும் கைப்பேசியில் சார்ஜ் ஏறுகிறது. ஆனால், மடிக்கணினியில் திறந்திருக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் அதன் பெயர் வருவதில்லை. மறுநாள் விரிவுரையாளரிடம் இறுதித் திட்டப்பணியைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் சிலர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். சிலர் மடிக்கணினியையே முழுமையாக அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுகிறார்கள். ஓர் இரவு போய்விடுகிறது. கைப்பேசி அப்போதும் தெரிவதில்லை.

இதற்கான காரணம் பெரும்பாலும் சிறியது. கம்பி, கைப்பேசியில் தர வேண்டிய அனுமதி, கணினியின் டிரைவர், இரண்டுக்கும் இடையே தகவல் கடத்தும் ஏடிபி என்ற நிரல் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று தடைபட்டிருக்கும். இவற்றை இதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் தடை எங்கே என்பது தெரிந்துவிடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினால், இணைப்பு கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தேட நேரிடும்.

இணைப்பு நடக்கும் விதம்

கூகல் நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, கைப்பேசியுடன் நேரடியாகப் பேசுவதில்லை. ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ், சுருக்கமாக ஏடிபி, என்ற நிரலே நடுவில் நின்று பேசுகிறது. அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. கணினியில் கட்டளை கொடுக்கும் பகுதி ஒன்று. அதே கணினியின் பின்னணியில் 5037 என்ற எண்ணுள்ள போர்ட்டில் இயங்கும் சர்வர் மற்றொன்று. கைப்பேசிக்குள் இருந்து பதில் சொல்லும் பகுதி மூன்றாவது.

கடைகளில் விற்கப்படும் கைப்பேசிகளில் இந்த மூன்றாவது பகுதி அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். கைப்பேசியின் உரிமையாளர் தம் கையால் திறந்தால்தான் அது இயங்கும். ஆகவே, புதுக் கைப்பேசி ஒன்று பட்டியலில் வராவிட்டால் அது பழுதாகிவிட்டது என்று பொருளில்லை.

முதலில் கம்பி

சாதாரண யுஎஸ்பி 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. கைவிசிறி, விளக்கு, பவர் பேங்க் போன்றவற்றுடன் வரும் மலிவான கம்பிகள் சிலவற்றில் மின்சார இழைகள் மட்டுமே இருக்கும். எனவே, சார்ஜ் ஏறுவதை வைத்துக் கம்பி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது.

இதைச் சோதிக்க எளிய வழி, அதே கம்பி மூலம் கைப்பேசியிலிருந்து ஒரு படத்தைக் கணினிக்கு மாற்றிப் பார்ப்பது. படம் வந்தால் கம்பி நல்ல கம்பி. வராவிட்டால் கைப்பேசியின் மேல்பகுதியில் தோன்றும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்வு செய்து மறுபடி முயல வேண்டும். அப்போதும் வராவிட்டால் கம்பியை மாற்றலாம். ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாகச் செருகியிருந்தால், அதை எடுத்துவிட்டு மடிக்கணினியிலேயே நேராகச் செருகுவது நல்லது.

கைப்பேசியில் உள்ள இரண்டு பூட்டுகள்

முதல் பூட்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸ். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் இந்தப் பகுதி மறைத்து வைக்கப்பட்டுள்ளது. செட்டிங்ஸ் பகுதியில் அபவுட் ஃபோன் என்பதற்குள் சென்று, பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தொட்டால் அது வெளிப்படும். சாம்சங் கைப்பேசிகளில் இந்த வரி சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்ற உட்பகுதியில் இருக்கும். பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங் என்பதை இயக்க வேண்டும்.

இரண்டாவது பூட்டு, கணினிக்குக் கொடுக்கும் அனுமதி. கம்பியைச் செருகியதும், இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று கைப்பேசித் திரையில் ஒரு கேள்வி வரும். திரை பூட்டியிருந்தால் அந்தக் கேள்வி கண்ணில் படாது. அவசரத்தில் அதை மூடிவிட்டவர்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ரிவோக் யுஎஸ்பி டீபக்கிங் ஆத்தரைசேஷன்ஸ் என்பதைத் தொட்டுப் பழைய அனுமதிகளை அழித்து, கம்பியைக் கழற்றித் திரும்பச் செருகினால் கேள்வி மீண்டும் வரும்.

போன மாதம் வேலை செய்தது, இப்போது செய்யவில்லை என்ற குழப்பத்துக்கும் இங்கே விடை உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு கணினியுடன் ஏழு நாள்கள் இணைக்கப்படாவிட்டால் அதற்குக் கொடுத்த அனுமதி தானாகவே நீங்கிவிடும். செமஸ்டர் விடுமுறை முடிந்து வருவோர் மறுபடியும் அனுமதி கொடுத்தாக வேண்டும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபவை

சாம்சங் கைப்பேசிகளில் ஒன் யுஐ 6 முதல் ஆட்டோ பிளாக்கர் என்ற பாதுகாப்பு வசதி உள்ளது. யுஎஸ்பி கம்பி வழியாக வரும் கட்டளைகளை அது தடுக்கும். ஒன் யுஐ 6.1.1 உடன் வந்த கைப்பேசிகளில் தொடக்கத்திலேயே அது இயங்கும் நிலையில் இருக்கும். யுஎஸ்பி டீபக்கிங் பொத்தான் மங்கலாகத் தெரிந்து, தொட்டாலும் அசையாமல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். செட்டிங்ஸில் செக்யூரிட்டி அண்ட் பிரைவசி பகுதியில் அதைத் தற்காலிகமாக நிறுத்தலாம்.

ஷியோமி கைப்பேசிகளில் யுஎஸ்பி டீபக்கிங் மட்டும் போதாது. இன்ஸ்டால் வையா யுஎஸ்பி என்ற தனி அனுமதியும் தேவை. அதை இயக்க, நிறுவனத்தின் கணக்கில் உள்நுழையும்படியும் சிம் அட்டை போட்டிருக்கும்படியும் கைப்பேசி கேட்பதுண்டு. சிம் இல்லாத பழைய கைப்பேசியைச் சோதனைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள்.

கணினியின் பக்கம்

விண்டோஸ் கணினிக்குக் கைப்பேசியை அடையாளம் காட்டுவது டிரைவர். பிக்சல் போன்ற கூகலின் சொந்தக் கைப்பேசிகளுக்கு, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எஸ்டிகே மேனேஜரில் கிடைக்கும் கூகல் யுஎஸ்பி டிரைவர் போதும். மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து டிரைவரைப் பெற வேண்டும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கைப்பேசியின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருந்தால் டிரைவர் சரியில்லை என்று அறியலாம்.

மேக் கணினிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. உபுண்டு பயன்படுத்துவோர் தங்கள் பயனர் கணக்கை பிளக்டெவ் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். கைப்பேசிக்கான யூடெவ் விதிகளும் கணினியில் இருக்க வேண்டும்.

ஏடிபி சொல்லும் பதில்

இதுவரை சொன்னவை முடிந்த பின், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டெர்மினல் பகுதியில் ஏடிபி டிவைசஸ் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். கட்டளையே தெரியாது என்று கணினி சொன்னால், எஸ்டிகே கோப்புறைக்குள் உள்ள பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற இடத்திற்குச் சென்று அங்கிருந்து கொடுக்கலாம். வரும் பதில் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

பட்டியல் காலியாக இருந்தால் கணினி கைப்பேசியைக் காணவே இல்லை. கம்பி, டிரைவர், யுஎஸ்பி டீபக்கிங் மூன்றையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

அன்ஆத்தரைஸ்டு என்று வந்தால் கம்பியிலும் டிரைவரிலும் குறையில்லை. கைப்பேசித் திரையில் அனுமதிக் கேள்வி பதிலுக்காகக் காத்திருக்கிறது.

ஆஃப்லைன் என்று வந்தால் கைப்பேசி ஏடிபிக்குப் பதில் சொல்லவில்லை. கம்பியைக் கழற்றிச் செருகி, தேவைப்பட்டால் கைப்பேசியை நிறுத்தி இயக்க வேண்டும்.

டிவைஸ் என்று வந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது.

அப்போதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் பெயர் வராவிட்டால் ஏடிபி கில்-சர்வர், அடுத்து ஏடிபி ஸ்டார்ட்-சர்வர் என்ற இரு கட்டளைகள் பின்னணி சர்வரை நிறுத்திப் புதிதாகத் தொடங்கும். ஒரே கணினியில் இரண்டு ஏடிபி பதிப்புகள் இருப்பதும் தொல்லை தரும். கைப்பேசித் திரையைக் கணினியில் காட்டும் மென்பொருள்கள் சில தமக்கென ஓர் ஏடிபியைக் கொண்டு வரும். பதிப்பு ஒத்துப்போகாதபோது ஒன்று மற்றொன்றின் சர்வரை நிறுத்திவிடும். அத்தகைய மென்பொருளை மூடிவிட்டு முயல்வது நல்லது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டூல்ஸ் பட்டியலில் உள்ள டிரபிள்ஷூட் டிவைஸ் கனெக்‌ஷன்ஸ் என்பதும் இச்சோதனைகளைப் படிப்படியாக நடத்திக் காட்டும்.

கம்பி இல்லாமல் இணைப்பது

கைப்பேசியின் செருகுமிடம் தேய்ந்துபோனவர்களுக்கு மாற்று வழி உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் டீபக்கிங் என்பதை இயக்கி, கியூஆர் குறியீட்டின் மூலமாகவோ ஆறு இலக்க எண்ணின் மூலமாகவோ இணைக்கலாம். கைப்பேசியும் கணினியும் ஒரே வைஃபையில் இருப்பது கட்டாயம்.

ஒரே வைஃபையில் இருந்தும் இணையாவிட்டால் வைஃபை அமைப்பைச் சந்தேகிக்கலாம். கல்லூரி, விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு கருவி மற்றொரு கருவியுடன் நேரடியாகப் பேசுவது பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டிருக்கக்கூடும். வேறொருவரின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் திறந்து, இரண்டையும் அதில் சேர்த்து முயலலாம். விபிஎன் இயங்கினால் அதையும் நிறுத்த வேண்டும்.

இணைந்தும் செயலி ஏறாவிட்டால்

கைப்பேசி தெரிகிறது, செயலி மட்டும் ஏற மறுக்கிறது என்றால் காரணம் வேறு. செயலிக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பைவிடக் கைப்பேசியின் பதிப்பு பழையதாக இருக்கலாம். குழுவாகத் திட்டப்பணி செய்வோருக்கு இன்னொரு சிக்கலும் வரும். ஒவ்வொரு மடிக்கணினியும் செயலியில் தனக்குரிய மின்கையொப்பத்தை இடுகிறது. நண்பரின் மடிக்கணினியிலிருந்து ஏற்றிய அதே செயலி கைப்பேசியில் இருந்தால், அதன் மேல் மற்றொரு மடிக்கணினியின் பதிப்பு ஏறாது. பழையதை நீக்கிவிட்டு ஏற்ற வேண்டும். செயலிக்குள் சேமித்த சோதனைத் தகவல்கள் அதனுடன் அழிந்துவிடும் என்பதால் தேவையானவற்றை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

எல்லாம் செய்தும் நேரம் நெருங்கிவிட்டால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுடன் வரும் எமுலேட்டரில் செயலியை ஓட்டிக் காட்டலாம். கணினியை அழித்துப் புதுப்பிக்க வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும்.

வேலை முடிந்ததும் பூட்ட வேண்டும்

இத்தனை பூட்டுகளும் பயனீட்டாளரின் பணத்தையும் தகவலையும் காக்கவே உள்ளன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏபிகே கோப்புகளாக அனுப்பப்பட்ட போலிச் செயலிகளால் வங்கிச் சேமிப்பை இழந்தவர்கள் உண்டு. அத்தகைய செயலிகள் குறுஞ்செய்தியில் வரும் வங்கிக் குறியீட்டைப் படித்து மோசடிக்காரர்களிடம் சேர்த்துவிடுகின்றன. இதனால்தான் சிங்கப்பூரில் 2024 பிப்ரவரியில் கூகல் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. உலாவி, தகவல் பரிமாற்றச் செயலி, கோப்பு நிர்வாகி வழியாக வரும் ஒரு செயலி, குறுஞ்செய்தியைப் படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்டால் அது நிறுவப்படுவதை அத்திட்டம் தானாகத் தடுக்கிறது. கம்பி இணையவில்லையே என்று மாணவர் தம் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி நிறுவ முயலும்போது, இதே தடுப்பில் சிக்கக்கூடும்.

ஆகவே சோதனை முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை நிறுத்தி, ஆட்டோ பிளாக்கர் போன்ற பாதுகாப்பை மீண்டும் இயக்குவது அவசியம். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் இயங்க மறுக்கும் வங்கிச் செயலிகளும் உள்ளன. சோதனைக்காக அம்மாவின் அல்லது அப்பாவின் கைப்பேசியை வாங்குவோர் திருப்பிக் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பிறர் கணினியில் இணைத்திருந்தால் கொடுத்த அனுமதிகளையும் அழித்துவிட வேண்டும்.

பெற்றோரும் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது. டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கும்படியோ, பாதுகாப்பு வசதியை நிறுத்தும்படியோ தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், மலேசியாவில் உள்ளோர் தாமதிக்காமல் தங்கள் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணிலோ அழைக்க வேண்டும்.