கோல்ச்சிசின்: கவுட் நோய்க்கான மூலிகை மருந்தின் வரலாறு

கோல்ச்சிசின், கவுட் எனப்படும் மூட்டுவாதத்தின் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் தாவர மருந்து. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்ச்சிக்கம் செடியிலும், நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இது உள்ளது. பண்டை மூலிகை மருத்துவத்திலிருந்து நவீன மருத்துவத்துக்கு வந்து, இன்றும் அதே நோய்க்கே தரப்படும் மருந்துகள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. கொடிய நஞ்சும் இதுவே. இதை எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது தெளிவாக ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஆயின.

இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகும்போது, அதன் உப்பு ஊசிமுனைப் படிகங்களாக மூட்டுக்குள் படிகிறது. பெரும்பாலும் கால் பெருவிரல் மூட்டுதான் முதலில் பாதிக்கப்படும். இரவில் திடீரென்று தொடங்கும் அந்த வலியில், போர்வை மேலே படுவதைக்கூடப் பலரால் தாங்க முடியாது.

கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியாவில் இருந்த கோல்க்கிஸ் நாட்டின் பெயரையே கோல்ச்சிக்கம் செடி தாங்கியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் இதை உயிர்கொல்லி என்று எச்சரித்தார். இதை கவுட் நோய்க்குக் கொடுத்ததாகத் தெளிவாக எழுதிவைத்தவர் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த டிராலிஸ் நகர அலெக்சாந்தர். அரபு மருத்துவர்கள் இதைச் சூரிஞ்சான் என்றனர். இப்னு சீனாவும் இதைப் பற்றி எழுதினார். இன்றைய யுனானி மருத்துவத்திலும் மூட்டுவலிக்குச் சூரிஞ்சான் உண்டு. அதில் இனிப்பு வகையை உள்ளுக்குத் தருவார்கள். கசப்பு வகையை வெளிப்பூச்சுக்கு வைத்துக்கொள்வார்கள்.

மருந்து கேட்டது, ஆனால் வயிற்றுப்போக்கு நோயாளியை வாட்டி எடுத்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் இதைக் கைவிட்டதற்கு அதுவே முக்கியக் காரணம். தாமே கவுட் நோயாளியான ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம், 1683இல் அந்நோய் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் பேதி மருந்துகளைக் கடுமையாக எதிர்த்தார். 1763இல் வியன்னாவின் அன்டன் ஃபான் ஷ்டோர்க், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்குக் கோல்ச்சிக்கத்தைக் கொடுத்தபோதுதான் மருத்துவர்களின் பார்வை மீண்டும் இதன்மேல் திரும்பியது. பிரெஞ்சுப் படை அதிகாரி ஹுஸ்ஸோன், பொருள்களை மறைத்து ஒரு கவுட் மருந்தை விற்றார். லண்டனின் தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸ்கூட அதைக் குடித்தார். 1814இல் ஜான் வான்ட் என்னும் மருத்துவர், அந்த இரகசியம் கோல்ச்சிக்கமே என்று அறிவித்தார்.

1820இல் பெல்த்தியே, காவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இச்செடியிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தனர். 1833இல் ஜெர்மானியரான கைகர் அதற்குக் கோல்ச்சிசின் என்று பெயரிட்டார். கிழங்கை இடித்துக் கொடுத்த காலத்தில் அளவு என்பது ஊகம்தான்; செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் சத்து மாறும். தூய பொருள் கைக்கு வந்த பிறகே மில்லிகிராமில் பேச முடிந்தது.

1915இல் செங்காந்தள் கிழங்கிலும் கோல்ச்சிசின் இருப்பது உறுதியானது. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர், உழவர்களுக்குக் கண்வலிக்கிழங்கு. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கொடியைக் கம்பியில் படரவிட்டு, காலையில் பூப் பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். காய வைத்த விதை மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. சித்த மருத்துவத்தில் கலப்பைக்கிழங்கு எனப்படும் இதே கிழங்கை முறைப்படி சுத்தி செய்த பிறகே பயன்படுத்துவார்கள். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு: உண்ணும் கிழங்கென்று நினைத்து இதைச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். முறிவு மருந்து பொதுப் பயன்பாட்டில் கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பது 1960களில்தான் விளங்கத் தொடங்கியது. செல்லுக்குள் சட்டகமாக நிற்கும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கோல்ச்சிசின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு குழல் வளரவிடாமல் தடுக்கிறது. மூட்டுக்கு விரையும் வெள்ளணுக்கள் அதனால் முடங்குகின்றன. டியூபுலினை அறிவியல் கண்டறிந்ததே கோல்ச்சிசினைப் பின்தொடர்ந்து போனதால்தான். மூலிகை மருத்துவம் உயிரியலுக்குத் தந்த பெரிய கொடைகளில் இதையும் சேர்க்க வேண்டும். யூரிக் அமிலப் படிகங்கள் செல்லுக்குள் அழற்சியைத் தூண்டும் வழியை 2006இல் சுவிட்சர்லாந்தின் யூர்க் சாப் குழுவினர் காட்டினர். அந்த வழியையும் கோல்ச்சிசின் மறிக்கிறது. ஆனால் இரத்தத்தின் யூரிக் அமிலத்தை இது குறைப்பதில்லை. அதற்கு அலோபூரினால் போன்ற வேறு மருந்து வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டிலும், வலி தணியும்வரை அல்லது வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்பதே பரவலான வழக்கம். 2010இல் வெளியான ஓர் ஆய்வு அதைத் தகர்த்தது. முதலில் 1.2 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.6 மில்லிகிராம் என மொத்தம் 1.8 மில்லிகிராம் தந்தபோது, 4.8 மில்லிகிராம் தந்ததற்கு இணையாக வலி குறைந்தது. வயிற்றுப்போக்கு வெகுவாகக் குறைந்தது. சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்களுக்கு இந்த அளவும் ஆபத்தாகலாம். கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளோடு சேர்ந்தால், உடலில் கோல்ச்சிசின் தேங்கி உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது.

2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பதற்கும் இதை அனுமதித்தது: நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம்.