சிவப்பு அட்டைச் சிப்பாய்

வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சியைக் கற்பிக்க நேரும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பெரியவரின் நினைவு வந்துவிடும். சுங்கை செம்பிலாங்கை அடுத்த தோட்டத்து லயம் ஒன்றில் வாழ்ந்தவர். (செம்பிலாங் என்பது கெளிற்று வகை மீன் ஒன்றுக்கு மலாய்க்காரர்கள் வழங்கும் பெயர்.) பால்மரம் வெட்டியவர், இடையில் இந்திய தேசிய இராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். அவர் பெயர் இங்கு வேண்டாம். பெரியவர் என்றே எழுதுகிறேன்.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. நான்கு நாள்களில் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் 661-ஆம் தீர்மானத்தின்வழி ஈராக் மீது பொருளாதாரத் தடை விதித்தது. அப்போது நான் இளம் ஆசிரியர். மாலை வேளைகளில் அவர் வீட்டு வாசலில் அமர்ந்து வானொலிச் செய்தி கேட்பது வழக்கம். நுழைந்தவனைப் பட்டினி போட்டுப் பணிய வைப்பதே சரி என்று நான் சொன்னேன். படித்தவனின் உறுதியோடு சொன்னேன் என்றும் ஒப்புக்கொள்கிறேன்.

“நுழைஞ்சது தப்பு. அதுல பேச்சே இல்ல. ஆனா அரிசி வரலைன்னா மொதல்ல யாரு வீட்டு அடுப்பு அணையும், வாத்தியாரே?” என்று கேட்டார்.

அன்று தொடங்கிய பேச்சு பல மாதங்கள் நீண்டது. அவர் சொன்னவற்றைப் பின்னர் நான் படித்தறிந்தவற்றோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் 1941. அவ்வாண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வு மட்டுமன்றி, கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பனவும் கோரிக்கைகளாக இருந்தன. கடைசிக் கோரிக்கையைச் சொல்லும்போது என் மாணவர்கள் சிரிப்பார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நின்ற தகப்பனைப் பார்த்தவர் அவர். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. வந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். அரச விசுவாசம் என்ற சொல் அன்றே தமக்குக் கசந்துவிட்டது என்றார்.

அதே ஆண்டு ஜூலையில்தான் ஜப்பான் மீதான தடை வந்தது. ஜப்பானியப் படை தெற்கு இந்தோசீனாவுக்குள் சென்றதும் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. பிரிட்டனும் டச்சுக்காரர்களும் பின்தொடர்ந்தனர். தன் எண்ணெய்த் தேவையில் சுமார் 80 விழுக்காட்டை அமெரிக்காவிடம் பெற்றுவந்த ஜப்பானுக்கு அது கழுத்தில் விழுந்த கயிறு. ஆனால், சீனாவின் மீது அது முழுப் போர் தொடுத்தது 1937-இல். அதற்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் திரங்கானுவிலும் ஜொகூரிலும் ஜப்பானிய நிறுவனங்கள் இரும்புத் தாது தோண்டிக் கப்பலேற்ற ஆங்கில ஆட்சி இடம் கொடுத்தே வந்தது. டுங்கூன் சுரங்கத்தை விட்டுச் சீனத் தொழிலாளர்கள் தாமாகவே வெளியேறியது 1938-இல். அரசுக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே கூலிக்காரர்கள் விதித்த தடை அது. பாடநூல்களில் இதற்கு ஒரு வரியாவது கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

எண்ணெயைத் தேடி ஜப்பான் தெற்கே வந்தது. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கியவர்கள், ஜனவரித் தொடக்கத்தில் சிறு படகுகளில் கோலசிலாங்கூர்க் கரையை நெருங்கினர். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார்கள் அதற்கு முன்பே காரேறிப் போய்விட்டனர்.

பிறகு பசி. மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்தது. கப்பல் நின்றது. ரப்பரை வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரணியில் இருந்தன. ஜப்பானுக்கு வேண்டியதோ அதில் சிறு பங்கு. மரம் இருந்தது, பால் இருந்தது, வேலை இல்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியத் தாளுக்கு மதிப்பில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கை உடுத்தி வாழ்ந்தனர். தடை விதித்தவனும் தடையை உடைக்க வந்தவனும் சேர்ந்து தம் தாயாரின் பானையைத்தான் காலி செய்தார்கள் என்பது பெரியவரின் கணக்கு. அக்கணக்கில் பிழை காண எனக்கு இன்றுவரை இயலவில்லை.

சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஆள் பிடித்தது அந்தக் காலத்தில்தான். 415 கிலோ மீட்டர் பாதை. 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை போடப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000-க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பெரியவரின் அண்ணனும் அவர்களுள் ஒருவர். திரும்பவில்லை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படையில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். பெரியவரும் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

இங்கேதான் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். “அண்ணனைக் கொண்டுபோனவர்களோடு சேர்ந்துதானே தாத்தா துப்பாக்கி பிடித்தீர்கள்?”

நெடுநேரம் பேசவில்லை. படையில் இருப்பவனை இரயில் பாதைக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பது முதற் காரணம் என்றார். பயம்தான், மறைப்பதற்கில்லை. இரண்டாவது, பிறந்தது முதல் ‘கூலி’ என்றே கேட்ட காதில் ஒருவர் ‘வீரரே’ என்று சொன்னது. பர்மாவுக்குப் போகும்போது அந்தப் பாதையில் ஓடிய இரயிலிலேயே அவர்களை ஏற்றினார்கள். “அண்ணன் கெடக்குற மண்ணு மேலதான் எங்க வண்டி போச்சு. எறங்கிக் கும்பிடக்கூட விடல” என்றார். ஜப்பானியர் செய்ததை அவர் ஒருபோதும் நியாயப்படுத்தியதில்லை. நேதாஜியின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதும் இல்லை. அந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்ததை இளம் வயதில் நான் முரண்பாடு என்று நினைத்தேன்.

போருக்குப் பின் இந்தியா விடுதலை பெற்றது. அவர் மலாயாவில் பால்மரம் வெட்டினார். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து, பின்னர் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவரான எஸ்.ஏ. கணபதி, நம் வட சிலாங்கூரின் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டு, 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு தலையிட்டும் பயனில்லை. அச்செய்தி தோட்டத்திற்கு வந்த அன்று, தம் சீருடையின் மிச்சத்தைப் பெரியவர் அடுப்பில் போட்டார்.

1957-க்குப் பின் குடியுரிமை பெறத் தாளும் சான்றும் வேண்டியிருந்தன. அவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. எழுதித் தருவதாகச் சொன்னவர் பணத்தை வாங்கிக்கொண்டு எழுதவில்லை. சிவப்பு அடையாள அட்டையே தங்கிவிட்டது. 1963-இல் இந்தோனேசியா ‘கொன்ஃபிரன்டாசி’யைத் தொடங்கி, செப்டம்பரில் மலேசியாவுடனான வாணிகத்தைத் துண்டித்தது. மறு ஆண்டு பொந்தியானிலும் லாபீசிலும் படையினரை இறக்கியது. அப்போது நம் கடற்கரையோரத் தோட்டங்களிலும் இரவுக் காவல் இருந்தது. சிவப்பு அட்டைக்காரர் டார்ச் விளக்கோடு முறை வைத்து நின்றார். 1969-இல் அதே அட்டைக்கு வேலை பெர்மிட் கேட்டார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போயினர். அவர் பெர்மிட் எடுத்து இருந்துவிட்டார். போரிட்டது அந்த நாட்டுக்காக, ஆனால் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அங்க எனக்கு யாரு இருக்கா? அம்மாவை இங்கதான புதைச்சிருக்கோம்” என்று மட்டும் சொன்னார்.

1990 நவம்பர் 29-இல் ஈராக் மீது படை செலுத்த இடமளிக்கும் 678-ஆம் தீர்மானம் வந்தது. அப்போது மலேசியாவும் பாதுகாப்பு மன்ற உறுப்பினர். மறுநாள் மாலை பெரியவர் என்னைக் கண்டதும் கேட்டார்:

“நம்ம நாடு எந்தப் பக்கம் கை தூக்குச்சு, வாத்தியாரே?”

ஆதரவாக, என்றேன்.

“தூக்கியிருக்க வேணாம்” என்றார். பிறகு வானொலியை அணைத்துவிட்டு, தேநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே பேத்தியை அழைத்தார்.