இப்னு கல்தூன் வகுத்த பாடமுறை

மாணவனுக்குப் பாடம் விளங்காதபோது அவனுடைய மந்த புத்தியையே காரணமாகச் சொல்லிவிடுவது ஆசிரியர்களின் நெடுநாளைய வழக்கம். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வழக்கத்தை மறுத்து, குறை கற்பிக்கும் முறையிலும் இருக்கக்கூடும் என்று எடுத்துரைத்தவர் வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) ஆவார்.

கி.பி. 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த அவர், அரசியற் பணிகளினின்றும் ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் தங்கியிருந்தபோது, 1377இல் ‘முகத்திமா’வை எழுதினார். ஆட்சிகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராயும் அந்நூலின் ஆறாம் அத்தியாயத்தில் கற்பித்தல் முறையும் ஆராயப்படுகிறது.

ஒரு கலையை மூன்று சுற்றுகளில் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முதற்சுற்றில், கலையின் தலையாய செய்திகளை மட்டும் மாணவனின் அறிவாற்றலுக்கேற்பச் சுருக்கமாக விளக்க வேண்டும். இரண்டாம் சுற்றில், விரிவான விளக்கங்களையும் அறிஞர்களின் கருத்து வேற்றுமைகளையும் காட்ட வேண்டும். மூன்றாம் சுற்றில், கடினமான எதனையும் தெளிவுபடுத்தாமல் விடலாகாது. கூரிய அறிவுடைய சிலருக்கு இதனினும் குறைந்த சுற்றுகளே போதும் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

தம் காலத்து ஆசிரியர் பலர் தொடக்கத்திலேயே சிக்கலான மஸ்அலாக்களை மாணவர்முன் வைத்து, அதனையே நல்ல பயிற்சி என்று கருதியதை அவர் கண்டிக்கிறார். அவ்வாறு கற்கும் மாணவன் சோர்வுற்று, அக்கலையே கடினமானது என்றெண்ணிக் கைவிட்டு விடுகிறான். இது தவறான போதனையின் விளைவே என்பது அவர் தீர்ப்பு.

பாடங்களுக்கிடையே நீண்ட இடைவெளி விழுந்தால் மறதி வரும். இரு கலைகளை ஒருசேரக் கற்பித்தால் கவனம் சிதறும். கடுமையான தண்டனை பிள்ளைகளைப் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் பழக்கும் என்றும் அவர் எச்சரிக்கிறார். ஏட்டளவில் இவற்றைச் சொன்னவரல்லர் அவர். பிற்காலத்தில் கெய்ரோ சென்று, அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தி, 1406இல் அந்நகரிலேயே மறைந்தார்.

கிதாபைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் இன்றும் ஆசிரியர்களைத் துரத்துகிறது. எனினும், மாணவன் அமானிதமாக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவன். இன்று எத்தனை பக்கம் ஓதிக் கொடுப்பது என்று கணக்கிடுமுன், அவன் எந்தச் சுற்றில் நிற்கிறான் என்பதை அறிந்துகொள்வது உஸ்தாதின் முதற்கடமையாகும்.