டிராக்டர் டிரெய்லருக்கு டயர் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பகுதியின் கரிசல் காடுகளில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளமும் உளுந்தும் தை, மாசியில் டிரெய்லர் ஏறுகின்றன. காட்டுப் பாதையில் கிடக்கும் சீமைக்கருவேல முள் டயரில் ஏறினால் டியூப் உடனே வெடிக்காது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டிராக்டரின் முன் டயரில் காற்று குறைந்தால் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். பின்னால் இழுபடும் டிரெய்லர் டயரில் குறைந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதை இருக்கையில் இருந்தபடியே காட்டுவதுதான் இந்தக் கருவி.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

சுமையோடு ஓடும்போது டயரின் பக்கவாட்டுப் பகுதி அதிகமாக மடங்கி விரியும். அதனால் டயர் சூடாகி, உள்ளிருக்கும் நூல் அடுக்குகள் பிரிந்து, கடைசியில் வெடிக்கும். இரு சக்கர டிரெய்லரில் ஒரு பக்க டயர் வெடித்தால் பாரம் அந்தப் பக்கம் சாயும். டிரெய்லர் கவிழவும் கூடும். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் பின்னால் வேகமாக வரும் லாரிகளுக்கும் இது ஆபத்து.

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு டயரின் வால்விலும் மூடிக்குப் பதிலாக ஒரு சிறிய சென்சர் திருகப்படுகிறது. அது காற்றழுத்தத்தை அளந்து, ஓட்டுபவர் முன் உள்ள திரைக்கு ரேடியோ அலையில் அனுப்பும். அளவு குறைந்தால் ஒலி எழுப்பும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சாலை டிரெய்லர்களுக்கு 2024 ஜூலை முதல் இது கட்டாயம். நம் ஊர் டிராக்டர் டிரெய்லர்களுக்குத் தனியாக வாங்கித்தான் பொருத்த வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- காருக்கான கருவி வேண்டாம். டிரெய்லர் டயரின் அழுத்தம் கார் டயரைவிட மிக அதிகம். லாரிக்கான கருவியே பொருந்தும்.
- டிரெய்லர் நீளமாக இருந்தால் சிக்னலைக் கடத்தும் ரிப்பீட்டர் உள்ளதா எனக் கேளுங்கள்.
- தூசி, தண்ணீர் புகாததாகவும், பட்டன் செல்லை நாமே மாற்றக்கூடியதாகவும் இருக்கட்டும்.
- ரப்பர் வால்வு நீளமாக இருந்தால் சென்சரின் எடையில் ஆடி விரிசல் விடும். உலோக வால்வு உள்ள டியூப் நல்லது.

அளவை அமைப்பது எப்படி?

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச பாரமும் அதற்குரிய அழுத்தமும். உங்கள் பாரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் ஏறும் முன் காற்றை அளக்க வேண்டும். 100 பிஎஸ்ஐ உள்ள டயரில் 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் 4 பிஎஸ்ஐ கூடும். எனவே சூடான டயரில் காற்றை இறக்கிவிடக் கூடாது.

குறைந்த அளவு எச்சரிக்கையை 15 சதவீதம் கீழே வையுங்கள். குளிர்ந்த நிலையில் 80 பிஎஸ்ஐ என்றால் 68-ல் ஒலிக்க வேண்டும். வெளியே இருக்கும் சென்சர், டயரின் உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் வெப்ப அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

எச்சரிக்கை ஒலித்தால்

சட்டென பிரேக் அடிக்காமல் வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு இறக்கி நிறுத்துங்கள். வெகுதூரம் காற்றில்லாமல் ஓடிய டயரில் அப்படியே காற்று பிடிக்காதீர்கள். கழற்றி உட்புறம் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பராமரிப்பு

கடற்கரைப் பகுதியின் உப்புக்காற்றில் சென்சர் வால்வோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். உப்பளத்துக்கு உப்பு ஏற்றப் போகும் வண்டிகளில் இது இன்னும் அதிகம். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, மரையில் சிறிது கிரீஸ் தடவுங்கள். அப்போதே கேஜ் வைத்து அளந்து, திரையில் காட்டும் அளவோடு ஒப்பிடுங்கள்.

தேய்ந்த டயரையும், அதிக பாரத்தையும், டயரில் விழுந்த வெட்டையும் இந்தக் கருவி காட்டாது. திடீரென வெடிப்பதையும் முன்கூட்டியே சொல்லாது. கருவி வாங்க முடியாதவர்கள் நல்ல கேஜ் ஒன்று வைத்துக்கொண்டு, பாரம் ஏற்றும் முன் ஒவ்வொரு டயரையும் அளந்தாலே பெரும்பாலான ஆபத்தைத் தவிர்க்கலாம். கம்பியால் தட்டிப் பார்ப்பதில் 15 பிஎஸ்ஐ குறைந்திருப்பது தெரியாது. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூலிக்கு வருபவர்களையோ திருவிழாவுக்குச் செல்பவர்களையோ டிரெய்லரில் ஏற்றாதீர்கள்.